பன்னிரண்டு அடிச் சுறா

ஆமாம் சார், நானேதான். நீங்கள் ஏறியதிலிருந்து என்னைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன். அந்த வீடியோவில் கை மைக்கைப் பிடித்துக்கொண்டு "சுறா! சுறா!" என்று கத்துகிறவர் நான்தான். அதில் கொஞ்சம் குண்டாகத் தெரிவேன். அது லைஃப் ஜாக்கெட்.

கொஞ்சம் நகருங்கள், உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் கடைசி நிறுத்தமா? நான் அதற்கு ஒன்று முன்னால், பேரூராட்சி அலுவலகத்தில் இறங்குவேன். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். விசாரணை. நாற்பது உயிரைக் காப்பாற்றியவனுக்கு விசாரணை! பஸ் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். முழுதும் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பெயர் நாச்சிமுத்து. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம். இருபத்து மூன்று வருஷம் கோழிப்பண்ணையில் மேற்பார்வை. மகளை இந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அவளோடு இருக்கலாமென்று நானும் என் வீட்டுக்காரியும் வந்துவிட்டோம். வந்த இடத்தில் சும்மா உட்கார முடியுமா? வெள்ளாங்குப்பம் கடற்கரைக்குக் காவலர் வேண்டும் என்று பேரூராட்சியில் கேட்டார்கள். போனேன்.

"நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார்கள். "சின்ன வயசுல கிணத்துல குதிச்சிருக்கேனுங்க" என்றேன். குதித்தது உண்மை. மேலே தூக்கியது என் தாய்மாமன். அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பயிற்சியும் கொடுத்தார்கள் சார், நீங்கள் சும்மா நினைக்காதீர்கள். அரை நாள். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். முதலுதவி வரைக்கும் வந்தபோது கரண்ட் போய்விட்டது. நீரோட்டம் பற்றிய படம் அதற்குப் பிறகுதான் இருந்ததாம். கரண்ட் வரும் என்று காத்திருந்தோம், பிரியாணி வந்தது. சாப்பிட்டுக் கலைந்துவிட்டோம்.

எனக்கு ஒரு விசில், ஒரு கை மைக், ஒரு லைஃப் ஜாக்கெட், சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடி இரண்டு. இரண்டு கொடிக்கும் நடுவில்தான் ஜனங்கள் குளிக்கலாம். கொடியை எங்கே நடுவது என்பது என் பொறுப்பு. முழுப் பொறுப்பு.

நான் அவசரப்படவில்லை. மூன்று நாள் கரையில் நின்று கடலைப் பார்த்தேன். வெள்ளாங்குப்பத்துக்கு நீங்கள் வந்ததில்லையா? கரை அரிக்கக் கூடாதென்று ஓரிடத்தில் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தெற்கே அலை தடதடவென்று உடையும். வெள்ளை நுரை. பார்த்தாலே இறங்கத் தோன்றாது. ஆனால் அந்தக் கல்லை ஒட்டி, ஒரு முப்பது அடி அகலத்துக்கு, அலையே கிடையாது சார். இரண்டு பக்கமும் கடல் கத்துகிறது, நடுவில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கிறது. யாராக இருந்தாலும் எங்கே கொடி நடுவார்கள்? நீங்கள் எங்கே நடுவீர்கள்?

ஆங், அங்கேதான் நட்டேன்.

அன்றைக்கு மாலையே அந்தப் பெண் வந்தாள். பூவரசி. மீனவர் வீட்டுப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற பள்ளி வைத்திருக்கிறாள். நீளப் பலகை மேல் ஏறி நின்று அலையோடு வருவார்களே, அது. அவளிடம் ஆறேழு பேர் வேலை செய்கிறார்கள், எல்லாம் அந்தக் குப்பத்துப் பிள்ளைகள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றாள்.

"அண்ணா, கொடிய எடம் மாத்தி வெச்சிருக்கீங்க. அங்க இழுப்பு இருக்கு."

"அலையே இல்லாத எடத்துல என்னம்மா இழுப்பு?"

"அலை இல்லாததே அதனாலதாண்ணா. கரைக்கு வர்ற தண்ணி அத்தனையும் திரும்பிப் போவணும் இல்ல? அது போற வழி அது. அடியில பள்ளம். நாங்க பலகையில உள்ள போறதுக்கு அந்த வழியாத்தான் போவோம். கையே போட வேணாம், லிஃப்ட்ல போற மாதிரி கொண்டுபோய் விட்டுடும்."

பார்த்தீர்களா? அவளே சொல்லிவிட்டாள். அவர்கள் போகிற வழி அது. தங்கள் வழியில் ஜனங்கள் நிற்கிறார்களே என்ற எரிச்சல். நான் கோழிப்பண்ணையில் எத்தனை வியாபாரிகளைப் பார்த்தவன்! "சரிம்மா, பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

மறு வாரம் பேரூராட்சி அதிகாரி வந்து பார்த்தார். அமைதியான தண்ணீர், நடுவில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள், இரண்டு பக்கமும் கொடி. "பிரமாதம் நாச்சிமுத்து!" என்றார். கொடி சாயக் கூடாதென்று சிமென்ட் கட்டையில் குழாய் பதித்து அந்த இடத்திலேயே புதைக்கச் சொல்லிவிட்டார். ஃபைலிலும் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சார், பின்னால் வேண்டும்.

அதன் பிறகு யாருக்காவது ஏதாவது ஆனதா? இரண்டு மூன்று பேர் கொஞ்ச தூரம் உள்ளே போனார்கள். பூவரசியிடம் வேலை செய்கிற பிள்ளைகள் பலகையில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "பார்த்துக் குளிக்கணுங்க, இவ்வளவு தூரம் போகலாமா?" என்று நானும் அவர்களைக் கண்டித்தேன்.

வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். காரை நிறுத்தியதும், "ஏங்க, இங்க சுறா இருக்கா?" கடலில் சுறா இல்லாமலா! ஆனால் எங்கள் கரைக்கு வந்து யாரையும் கடித்ததாக ஊர்ப் பெரியவர்கள் ஒருவருக்கும் நினைவில்லை. "நாமதான் அதைப் புட்டு பண்ணிச் சாப்பிடறோம், அது நம்மைப் பார்த்து ஓடுதுங்க" என்பேன். சிரிப்பார்கள். இழுப்பு இருக்கிறதா என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை சார். கேட்டிருந்தால் நானும் யோசித்திருப்பேன்.

இப்போது காணும் பொங்கலுக்கு வருகிறேன்.

காணும் பொங்கல் என்றால் கடற்கரை எப்படி இருக்கும், உங்களுக்குத் தெரியும். கரும்பும் கட்டுச்சோறுமாக வண்டி வண்டியாக இறங்கினார்கள். ராசிபுரத்திலிருந்து என் தங்கையும் அவள் மாப்பிள்ளையும் வேன் வைத்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் அர்த்தநாரி. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி இரண்டு வைத்திருக்கிறார். வசதியானவர், நல்லவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இறங்கியதும் அத்தனை பேர் முன்னால் கேட்கிறார்: "என்ன மச்சான், கோழிக்குக் காவல் போய் இப்ப மீனுக்குக் காவலா? முட்டை கிட்டை போடுதா?"

இருபது வருஷமாக இப்படித்தான். என் தங்கையே, "சும்மா இருங்க, எங்கண்ணன் இன்னிக்கு யூனிஃபார்ம்ல இருக்குது" என்று அடக்க வேண்டியிருந்தது.

நான் மைக்கை எடுத்தேன். "பொதுமக்கள் கவனத்திற்கு. இரண்டு கொடிகளுக்கும் நடுவில் மட்டும் குளிக்கவும். மற்ற இடங்கள் ஆபத்தானவை" என்று கம்பீரமாக அறிவித்தேன். மாப்பிள்ளைக்கும் கையைக் காட்டினேன், அங்கே போங்கள் என்று. நானே காட்டினேன் சார்.

போனார். முழங்கால். இடுப்பு. திரும்பி எனக்குக் கையாட்டினார். அடுத்துப் பார்த்தால் மார்பளவு. அதற்கும் அடுத்துப் பார்த்தால் தலை மட்டும். அலை இல்லை, சத்தம் இல்லை. யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறார். கரையைப் பார்த்துக் கையைக் கையைப் போடுகிறார். ஒரு அடி கிட்டே வரவில்லை. என் தங்கை மணலில் நின்று, "அண்ணா! அண்ணா!" என்கிறாள். அவரைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிடுகிறாள்.

நான் என்ன செய்தேன்? விசில் ஊதினேன். நிறுத்தவே இல்லை. என்னால் முடிந்த அளவுக்கு ஊதினேன்.

பூவரசி பலகையோடு ஓடி வந்தாள். எங்கே இறங்கினாள் தெரியுமா? அதே இடம். என் கொடிகளுக்கு நடுவில். நான் முப்பது எண்ணுவதற்குள் அவரிடம் போய்விட்டாள் சார். லிஃப்ட் மாதிரிதான். அங்கே போய் அவரைப் பலகையில் பிடிக்கவைத்து, என்னமோ சொல்கிறாள், அவருக்கு விளங்கவில்லை. கரையைப் பார்த்துக் கத்தினாள்: "விசில நிறுத்துங்கண்ணா! நான் சொல்றது இவருக்குக் கேக்கல!"

நிறுத்தினேன்.

நேராகக் கரைக்கு வரவில்லை அவள். பக்கவாட்டில் தெற்கே போனாள், அலை உடைகிற இடம் வரைக்கும். பிறகு அந்த அலையே இருவரையும் தள்ளிக்கொண்டு வந்து மணலில் போட்டது. இறங்கத் தோன்றாது என்றேனே, அந்த வெள்ளை நுரைதான்.

மாப்பிள்ளை குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினார். பூவரசி அவரைத் திருப்பிப் போட்டு மூச்சைப் பார்த்தாள். சரி என்று தெரிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, இன்னும் நாப்பது பேர் அங்கதான் நிக்கிறாங்க. எங்கிட்ட பலகை ஏழுதான் இருக்கு. கொடி தப்பு, வெளிய வாங்கன்னு மைக்ல சொல்லுங்க. சீக்கிரம்."

மைக்கை எடுத்தேன். "அன்பார்ந்த பொதுமக்களே, தயவுசெய்து வெளியே வரவும்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. ஒரு பெரிய மீசைக்காரர் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்: "காலைல நீதானய்யா இங்க குளின்னு கூப்பிட்ட? இப்ப எதுக்கு வரணும்?"

இன்னொருத்தர், "அவரு சொந்தக்காரங்க வந்திருக்காங்கல்ல, எடம் புடிக்கிறாரு!"

எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும்? "காலையில் நான் சொன்னது தப்பு." நாலு வார்த்தை. மைக் வாயில் இருக்கிறது, பட்டனை அழுத்தியிருக்கிறேன், என் மூச்சு கடற்கரை முழுக்கக் கேட்கிறது. வார்த்தை வரவில்லை சார். மாப்பிள்ளை கீழே கிடந்து என்னைப் பார்க்கிறார். அந்த நேரம் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றவள், கால் தடுமாறி ஒரு அடி உள்ளே போனாள்.

"சுறா!" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. "சுறா! சுறா! அதோ!"

கோழிக் கொட்டகையில் ஒரு தகரம் விழுந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? ஆறாயிரம் குஞ்சும் ஒரே மூச்சில் எழும். அப்படி எழுந்தார்கள். நாற்பது பேரும் கரையில். மீசைக்காரர்தான் முதலில். அந்தப் பெண்ணையும் குழந்தையையும் பூவரசியிடம் வேலை செய்கிற பையன் ஒருவன் பிடித்து இழுத்துவந்தான். ஒரு நிமிஷம் சார்! தண்ணீரில் ஒரு தலை இல்லை.

சொல்லுங்கள், இது காப்பாற்றியதா இல்லையா?

உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருப்பார்களா என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? சரி. வந்திருக்கலாம். சொல்லிப் பார்க்கவில்லை.

நான் கத்தியதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் ஃபோனும் கையுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். "எவ்வளவு நீளம் இருக்கும்?" என்றார் ஒருவர். ஏதாவது சொல்ல வேண்டுமே! "ஒரு பன்னிரண்டு அடி" என்றேன். பொழுது சாய்வதற்குள் அது பதினெட்டு அடி ஆகிவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. வார்டு உறுப்பினர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எல்லாவற்றையும்விட, என் மாப்பிள்ளை! எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலைப் புடிச்சு இழுத்துச்சு மச்சான், நானே உணர்ந்தேன். நீங்க இல்லேன்னா நான் இல்லை" என்று அழுதார். இப்போது ராசிபுரம் முழுக்க, "எங்க மச்சான், எங்க மச்சான்" என்றுதான் பேச்சாம். இருபது வருஷத்தில் முதல் தடவை சார். பொங்கலுக்குப் பிறகு எனக்கு இரண்டு வேட்டி அனுப்பியிருக்கிறார்.

பூவரசி மட்டும் பலகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

இது இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இந்த பஸ்ஸில் வருகிறேன்? மறுநாளே வெள்ளாங்குப்பம் கடலில் யாரும் இறங்கக் கூடாது என்று பேரூராட்சி அறிவிப்புப் பலகை மாட்டிவிட்டது. சுறா அபாயம். குளிக்கிறவர்களுக்கும் தடை, அலைச்சறுக்குக்கும் தடை. பூவரசியின் பள்ளி ஒரு மாதத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஐஸ் தூக்குகிற வேலைக்குப் போகிறார்கள்.

ஜனங்களாவது வராமல் இருக்கிறார்களா? வருகிறார்கள். அறிவிப்பைப் பார்த்துவிட்டு, சுறா இல்லாத இடம் வேண்டுமென்று இரண்டு கிலோமீட்டர் வடக்கே, முகத்துவாரத்துக்குப் போகிறார்கள். ஆறும் கடலும் சேருகிற இடம். அங்கே இழுப்பு இதைவிடப் பத்து மடங்காம். விசில் இல்லை, கொடி இல்லை, பலகையோடு ஓடி வர ஒருவர் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஏதோ அவர்கள் நல்ல நேரம், வலை எடுத்துவந்த படகு ஒன்று பார்த்துத் தூக்கியது. ஒருவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான்.

திங்கட்கிழமை பூவரசி என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரி காபி கொடுத்தாள், வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை மாசி மகம்."

எனக்குத் தெரியும். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சாமியோடு தண்ணீரில் இறங்குவார்கள்.

"இங்க தடை இருந்தா எல்லாரும் முகத்துவாரத்துக்குத்தான் போவாங்க" என்றாள்.

நான் இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். "அதுக்கு வழி இருக்கும்மா. சுறாவைப் பத்தி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சுறா வந்தது, போயிட்டதுன்னு எழுதிக் கொடுத்துடறேன். தடையை எடுத்துடுவாங்க. யாருக்கும் கஷ்டமில்ல."

எப்படி என் யோசனை? எனக்குப் பிடித்திருந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "போயிட்டதுன்னு சொன்னா கொடிய மறுபடி எங்கண்ணா நடுவாங்க?"

அதைத்தான் நான் யோசிக்கவில்லை. ஃபைலில் குறித்த இடம், சிமென்ட் கட்டை புதைத்த இடம். அதிகாரி "பிரமாதம்" என்ற இடம். மாசி மகத்தன்று ஆயிரம் பேர், சாமியோடு, அந்த முப்பது அடிக்குள்.

"நீ சொல்லேம்மா" என்றேன்.

"நான் முன்னாடியே மூணு தடவ ஆபீஸ்ல மனு கொடுத்தேண்ணா. எங்க பொழப்புக்காகச் சொல்றோம்னாங்க. நட்டவங்க சொன்னாத்தான் எடுப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். என் வீட்டுக்காரியிடம் காபி நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை.

நான் என்ன சொல்கிறேன் என்றால் சார், தப்பு முழுக்க என்னுடையதா? கரண்ட் போகாமல் இருந்திருந்தால்? கடலுக்குத்தான் ஒரு முறை வேண்டாமா? ஆபத்தான இடம் ஆபத்தாகத் தெரிய வேண்டும். நல்ல இடம் நல்லதாகத் தெரிய வேண்டும். இது தலைகீழாக இருந்தால் கோழிப்பண்ணைக்காரன் என்ன செய்வான்?

எந்த நிறுத்தம் இது? பெட்ரோல் பங்கா? அப்படியானால் அடுத்ததற்கு அடுத்தது என்னுடையது.

இருங்கள், ஃபோன் அடிக்கிறது. மாப்பிள்ளைதான். ஒரு நிமிஷம் சார்.

"சொல்லுங்க மாப்ளை... நல்லா இருக்கேன்... ஆமா, ஞாயித்துக்கிழமைதான் மகம்... எத்தனை வேன்?... மூணா!... எங்க குளிக்கிறதா?"

நாற்பத்தைந்து பேராம் சார். சொந்தபந்தம் மொத்தமும். மச்சான் காப்பாற்றிய அதே இடத்தில் தீர்த்தமாட வேண்டுமாம், சுறா போய்விட்டதா என்று விசாரித்து வைக்கச் சொல்கிறார்.

"மாப்ளை, கேளுங்க... இல்லீங்க, அங்க குளிக்கக் கூடாதுங்க... சுறா இல்லீங்க மாப்ளை. அன்னைக்கும் இல்ல. சுறாவே வரல... ஆமா, நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

சிரிக்கிறார் சார். "உங்க அடக்கமே அடக்கம் மச்சான்" என்கிறார். இப்போது என்ன செய்வது?

"மாப்ளை! சிரிக்காதீங்க! உங்க காலைப் புடிச்சு இழுத்தது தண்ணி. அங்க இழுப்பு இருக்குது. அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிச்சு, நான் கேக்கல. கொடிய அங்க நட்டது நான். உங்களை அங்க போங்கன்னு கை காட்டினதும் நான். உங்களைக் காப்பாத்தினது அந்தப் பொண்ணு, நான் இல்ல... ஹலோ?... கேக்குதுங்களா?... கொடிய நான் தப்பான எடத்துல நட்டேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. பரவாயில்லை, மைக் இல்லாமலே கேட்டுவிட்டது போலிருக்கிறது.

வைத்துவிட்டார் சார். வைத்துவிட்டார்.

சரி.

நகருங்கள், இறங்க வேண்டும். அந்த அதிகாரி இருக்கிற அறை கீழேயா மாடியிலா, உங்களுக்குத் தெரியுமா?